சுவர்ப் பூசணம் குடியிருப்போரின் குற்றமல்ல

பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் வேளையில் சென்னையிலும் கடலோர ஊர்களிலும் வீட்டுக்கு வீடு ஒரே புகார்தான்: சுவரில் பூசணம். பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கச் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளிகள். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் இரண்டடி உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து நிற்கிறது. விரல் பட்டால் பட்டி மாவாக உதிர்கிறது. பரணில் கிடக்கும் பழைய பாடப்புத்தகம், ஆணியில் தொங்கும் தோல் பெல்ட், மடித்து வைத்த போர்வை எல்லாவற்றிலும் அதே வாடை. வீட்டு உரிமையாளரிடம் சொன்னால், "ஜன்னலைத் திறந்து வையுங்க, துணியை உள்ளே காயப் போடாதீங்க" என்று பதில் வரும். விடாமல் கேட்டால் ஒரு கோட் பெயின்ட் அடித்துத் தருவார்கள். வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த வழக்கம் அநியாயமானது, உடல்நலத்துக்கும் கேடானது. ஈரம் ஊறிய சுவரில் பூசணம் பிடிப்பது கட்டடத்தின் கோளாறு. அதைச் சரிசெய்யும் கடமை கட்டியவருக்கும் உரிமையாளருக்கும் உரியது. அந்தக் கடமையைக் கால வரம்போடு தமிழ்நாடு அரசு சட்டத்தில் எழுத வேண்டும்.

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. அவற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்க யாராலும் முடியாது. சுவரில் படிந்த தூசு, பெயின்டின் பசை, பிளைவுட், அட்டை, துணி என்று அவற்றுக்கு உணவும் எங்கும் இருக்கிறது. முளைக்க அவற்றுக்குத் தேவைப்படுவது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது, வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. கார்த்திகை மாதத்துச் சென்னையில் இரண்டுமே கடினம். வெளிக்காற்றே அந்த அளவைத் தாண்டி ஈரமாக இருக்கும் ஊரில் ஜன்னலைத் திறப்பதால் மட்டும் சுவர் காய்ந்துவிடாது. அதனால்தான் இங்கே சுவருக்குள் தண்ணீர் புகாமல் கட்டுவது வறண்ட ஊர்களைவிடப் பன்மடங்கு முக்கியமாகிறது.

தண்ணீர் வரும் வழிகள் அனுபவமுள்ள எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். அடித்தளத்துக்கு மேல் டி.பி.சி. எனப்படும் ஈரத்தடுப்புப் படலத்தைப் பெயருக்குப் போட்டு எழுப்பிய சுவரில் நிலத்தின் ஈரம் மேலேறும். உப்புத் தண்ணீரில் குழைத்த கலவையென்றால் உப்புப் பூத்து, அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அடுக்ககங்களில் குளியலறைக் குழாய்களைப் புதைக்கப் பள்ளமாக விடும் தளத்தில் நீர்க்காப்பு சரியாக அமையாவிட்டால், மேல்வீட்டார் குளிக்கும் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் வளையமாக இறங்கும். மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுருக்கி போட்டு, தட்டோடு பதித்து, மழைநீர் தேங்காமல் வாட்டம் பார்த்து முடிப்பது இந்த மண்ணில் நன்கு அறிந்த தொழில்முறை. செலவையும் நாளையும் மிச்சம் பிடிக்க அதைக் கைவிட்ட கட்டடங்கள் முதல் மழையிலேயே ஒழுகுகின்றன. ஈரமான வெப்பப் பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நகரத்தின் பல ஒற்றைப் படுக்கையறை வீடுகளில் குளியலறைக்கு இருக்கும் ஒரே காற்றோட்டம், வெயிலே படாத குறுகிய டக்டுக்குள் திறக்கும் ஒரு வென்டிலேட்டர்தான்.

இவற்றில் எதை ஒரு வாடகைதாரர் சரிசெய்ய முடியும்?

வீட்டுப் பழக்கங்களுக்குப் பங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மூடிய அறையில் ஈரத்துணி உலர்த்துவதும், புகைபோக்கி இல்லாத சமையலறையின் ஆவியும், நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையின் குளிர்ந்த சுவரும் பூசணத்துக்குத் துணைபோகும். பார்த்தால் வேறுபாடு தெரியும். கசிவென்றால் வளையமும் உப்பும் கொப்புளமும் இருக்கும். அறைக்குள்ளிருக்கும் ஆவியால் வந்ததென்றால் மூலைகளிலும் மரச்சாமான்களின் பின்னாலும் மேலோட்டமாகப் படர்ந்திருக்கும். ஒரே ஒரு வீட்டின் வாடகையை நம்பிக் காலம் தள்ளும் ஓய்வூதியர்களும் உரிமையாளர்களில் உண்டு. மராமத்துச் செலவு அவர்களுக்குச் சுமைதான். ஆனால் கசிவை முதல் ஆண்டிலேயே அடைப்பதற்கு ஆகும் செலவைவிட, கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்த பிறகு ஆகும் செலவு மிகப் பெரிது. பெயின்ட் அடித்துத் தள்ளிப்போடுவதால் உரிமையாளருக்கும் நட்டமே.

உடல்நலத்துக்கு வருவோம். வீட்டுக்குள் நிலவும் ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றி 2009இல் உலக சுகாதார நிறுவனம் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. அத்தகைய கட்டடங்களில் வசிப்போருக்கு இருமல், மூச்சிரைப்பு, சுவாசத் தொற்று, ஆஸ்துமா தீவிரமாதல் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது என்பது அதன் முடிவு. இத்தனை வித்துகள் வரை பாதகமில்லை என்று ஓர் எல்லையை வகுக்க இயலாது, நீடித்த ஈரத்தையே போக்க வேண்டும் என்றும் அது சொன்னது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை கடும் ஒவ்வாமையை உண்டாக்கி மூச்சுக்குழாய்களை நிரந்தரமாகச் சிதைத்துவிடுகிறது. காசநோய் ஆறிய நுரையீரலில் எஞ்சும் குழிகளில் அதே பூஞ்சை குடியேறுவதும் உண்டு. ஒருவரைப் பிடித்த பூஞ்சை எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று நிறுவுவது அரிது. ஆனால் இருமும் பிள்ளையும் மூச்சுத் திணறும் பாட்டியும் படுக்கும் அறையில் அதை வளரவிட இது சாக்காகாது.

அதே நேரத்தில் வீண் பீதியும் வேண்டாம். 2021இல் கருப்புப் பூஞ்சை என்ற பெயரில் பேசப்பட்ட மியூகோர்மைகோசிஸ், கட்டுக்கடங்காத சர்க்கரை நோயாலும் ஸ்டீராய்டு மருந்துகளாலும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களைத் தாக்கிய வேறொரு நோய். குளியலறைச் சுவரின் கறுப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. பயம் வளர்ந்தால் அதை விற்பனையாக்குபவர்களுக்குத்தான் லாபம்.

பூசணத்தை மறைத்துப் பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொல்வது எதில் முடியும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு துயரமான சான்று இருக்கிறது. ராச்டேல் நகரின் சமூகக் குடியிருப்பில் வசித்த சூடானியக் குடும்பத்தின் தந்தை 2017இலேயே பூசணத்தைப் பற்றிப் புகார் செய்தார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2020 டிசம்பரில் அவருடைய இரண்டு வயது மகன் அவாப் இஷாக் இறந்துபோனான். வீட்டுப் பூசணத்தின் நடுவே நீண்ட காலம் வாழ நேர்ந்ததால் வந்த கடும் சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணையில் உறுதியானது. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று குடியிருப்பு நிர்வாகம் தவறாக எண்ணியிருந்ததும் தெரியவந்தது. அதன் விளைவாக 2023இல் சட்டம் வந்தது. அச்சிறுவனின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. சமூகக் குடியிருப்புகளுக்கு 2025 அக்டோபர் முதல் அது நடப்பில் இருக்கிறது. அவசர ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். கணிசமான ஈரமும் பூசணமும் என்றால் 10 வேலை நாட்களுக்குள் ஆய்வு, ஆபத்து உறுதியானபின் 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்கும் பணி.

நம்மிடம் சட்டமே இல்லை என்றில்லை. 2019 முதல் நடப்பிலுள்ள 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை, கட்டமைப்புப் பழுதுகளையும் சுவருக்கு வெள்ளையடிப்பதையும் குழாய் மாற்றுவதையும் உரிமையாளரின் பொறுப்பில் வைத்திருக்கிறது. வாடகைதாரரால் நேர்ந்த சேதம் மட்டுமே விலக்கு. ஆனால் ஈரம், பூசணம் என்ற சொற்கள் அந்தப் பட்டியலில் தனியே இல்லை. எத்தனை நாளில் செய்ய வேண்டும் என்ற வரம்பும் இல்லை. 11 மாத ஒப்பந்தத்தைப் பதிவே செய்யாமல் குடியிருப்பவர், வாடகை அதிகாரியிடம் போவதற்குமுன் வேறு வீடு தேட வேண்டியிருக்குமே என்று தயங்குகிறார். சொந்தமாக வாங்கியவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் வலுவான பிடி உண்டு. ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், 30 நாட்களுக்குள் கட்டுநர் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். குளியலறைக் கசிவும் மாடி ஒழுகலும் வேலைத்தரக் குறைகளே. குடியிருப்போர் சங்கங்கள் அந்த 5 ஆண்டு முடிவதற்குள் புகைப்படத்தோடு எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிட வேண்டும்.

அகற்றும் தொழிலுக்கும் ஒழுங்கு தேவை. பூசணம் மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால், முகக்கவசமும் கையுறையும் அணிந்து சோப்புத் தண்ணீரால் வீட்டாரே துடைத்து உலர்த்திவிடலாம். அதற்குமேல் பரவியிருந்தாலோ பூச்சுக்குள் ஊறியிருந்தாலோ தேர்ந்த ஆள் வேண்டும். தேர்ந்த வேலை முதலில் தண்ணீர் வரும் வழியை அடைப்பதில் தொடங்குகிறது. அறையைப் பிளாஸ்டிக் தாளால் மறைத்து, மின்விசிறியை நிறுத்தி, சுவரை நனைத்துக்கொண்டு, ஊறிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, பல நாள் உலரவிட்டு, ஈரமானியில் பார்த்த பிறகே புதுப் பூச்சு வைக்க வேண்டும். இங்கே நடப்பது வேறு. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிய ஒரு தொழிலாளி காய்ந்த சுவரில் உப்புத்தாள் தேய்க்கிறார். வித்துகள் வீடெங்கும் பறக்கின்றன, முதலில் அவருடைய நுரையீரலுக்குள் போகின்றன. மாலைக்குள் பட்டி, மறுநாள் எமல்ஷன். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசிய சுவர் அடுத்த மழையில் மறுபடி கறுக்கிறது.

இலவச ஆய்வு என்று வந்து, ஆய்ந்தவரே விலைப்பட்டியலும் நீட்டும் வியாபாரமும் பெருகிவருகிறது. நியூயார்க், புளோரிடா மாநிலங்களில் பூசணத்தை மதிப்பிடவும் அகற்றவும் தனித்தனி உரிமம் உண்டு. ஒரு வீட்டை மதிப்பிட்டவரே அங்கே அகற்றும் வேலையை எடுக்கவும் தடை இருக்கிறது. இந்த ஒரு விதி இங்கும் வந்தால் பாதி ஏமாற்று நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியும் பூசணத்துக்குக் காற்றுச் சோதனை என்று பணம் கறக்கவும் அனுமதிக்கக் கூடாது. அந்தச் சோதனை பெரும்பாலும் தேவையே இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்குத் திறன் மேம்பாட்டுக் கழகம் வழியே இதற்கான பயிற்சியையும் தரமான முகக்கவசத்தையும் அரசு தர வேண்டும். பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிடைக் கலந்து சுவரில் தேய்த்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். எக்காரணம் கொண்டும் இரண்டையும் சேர்க்கக் கூடாது.

வெள்ளக் காலத்தில் இந்தப் பிரச்சினை பூதாகரமாகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் தென்சென்னையின் தாழ்வான பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்போது குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது அரசு. அது தேவையான உதவி. ஆனால் இடுப்பளவு நனைந்த செங்கற்சுவர் உலர வாரக்கணக்காகும். போக வேறு இடமில்லாத குடும்பங்கள் அந்த ஈரத்திலேயே பாய் விரித்துப் படுக்கின்றன. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் இதே கதிதான். வெள்ள நிவாரணத்தில் சுவரை உலர்த்தும் பணியும் சேர வேண்டும். தண்ணீர் வடிந்ததும் பெரிய காற்றூதிகளையும் ஈரமானிகளையும் வார்டு வாரியாக மாநகராட்சி அனுப்ப வேண்டும். நனைந்த மெத்தைகளையும் பிளைவுட் சாமான்களையும் தாமதமின்றி வாரிச்செல்ல வண்டிகளும் வேண்டும்.

தமிழகத்தில் மிகப் பெரிய வீட்டுடைமையாளர்களில் அரசும் ஒன்று. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குக் குடியிருப்புகளில் பல ஆயிரம் குடும்பங்கள், பெரும்பாலும் தங்கள் விருப்பமின்றியே, நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. 2021இல் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் கை பட்டாலே பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது; வல்லுநர் ஆய்வுக்கும் அரசு உத்தரவிட்டது. குறை வெளிச்சத்துக்கு வந்த பிறகு ஆய்வு செய்வது போதாது. தனியாரைக் கேட்குமுன் அரசு தன் வீடுகளில் தொடங்கட்டும். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். ஈரம், பூசணம் குறித்த ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். 10 நாளில் பொறியாளர் வீட்டுக்கு வந்து கசிவின் மூலத்தை எழுதித் தர வேண்டும். கைக்குழந்தையோ ஆஸ்துமா நோயாளியோ உள்ள வீடுகளுக்கு முன்னுரிமை வேண்டும். வேலை முடிந்த பின் அடுத்த கனமழையில் அதே சுவரை நேரில் பார்த்து, குடியிருப்பவரின் கையொப்பம் வாங்கிய பிறகே கோப்பை மூட வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இந்த ஆணை வெளிவர வேண்டும். வாடகைச் சட்டத்தின் பட்டியலில் ஈரத்தையும் பூசணத்தையும் கால வரம்போடு சேர்க்கும் திருத்தம் அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே கொண்டுவரப்பட வேண்டும்.