'நல்லா இருக்கோம்' என்ற ஒரு வார்த்தை போதுமா?



மகளைத் தூர ஊரில் வாழ அனுப்பிய தாய்மார்களுக்கும், தூர ஊரில் குடித்தனம் நடத்தும் பெண்களுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மார்கழி பிறந்தாலே எனக்கு அந்த ஞாபகம் வந்து விடுகிறது.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பம். (புதுச்சேரி பக்கத்தில் உள்ள கோட்டக்குப்பம் வேறு.) ஏரியில் முறை வைத்துப் பாடு பார்க்கிற மீனவக் குடும்பம் எங்களுடையது. எங்களுக்குக் குளிர் என்றால் வாடைக்காற்றுதான். தலையில் ஒரு துண்டைக் கட்டி, போர்வையை இழுத்துப் போர்த்திக் கொண்டால் தீர்ந்தது.

என் மருமகனுக்கு டில்லியில் வேலை கிடைத்து, 2023-ல் ஆறு மாதக் குழந்தையோடு மகளும் அங்கே போனாள். எங்களுக்குப் பக்கத்து ரயில் நிலையம் பொன்னேரி. டில்லி ரயில் அந்த வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. சென்ட்ரலுக்குப் போய் வண்டி ஏற்றி விட்டு வந்தேன். அன்று முதல் போன்தான் எங்களுக்குப் பாலம்.

அந்தப் போனில் நாங்கள் என்ன பேசினோம் தெரியுமா? "சாப்டியா கண்ணு?" "சாப்டேம்மா." "புள்ள எப்படி இருக்கான்?" "நல்லா இருக்கான்." "குளிரு எப்படி?" "பரவாயில்லம்மா, பழகிடுச்சு." அவ்வளவுதான். தினமும் இதே பேச்சு.

உண்மையில் அங்கே அவள் பட்ட பாடு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தீபாவளிக்கு முன்பே காற்றில் புகை மண்டி, குழந்தைக்கு இருமல் பிடித்துக் கொண்டது. வண்டிப்புகை, வயலில் வைக்கோல்தாள் எரிக்கும் புகை எல்லாம் குளிர்ந்த காற்றோடு மேலே போகாமல் ஊர் மேலேயே படிந்து விடுமாம். டிசம்பரில் மூடுபனி. குழந்தைத் துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. இட்லி மாவு பொங்குவதில்லை, பால் உறைவதில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக நிற்கும். 2021 ஜனவரி முதல் தேதி அன்று டில்லியில் 1.1 டிகிரி வரை இறங்கியதாம். நமக்கு 20 டிகிரிக்கு வந்தாலே பல் கிட்டுகிறது.

இதில் எதையும் அவள் சொல்லவில்லை. அம்மா கவலைப்படுவாளாம்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தது. எங்கள் வீட்டில் தண்ணீர் புகுந்து, அரிசியும் வலையும் நனைந்து போனது. "லேசான மழைதான் கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவள் டிவியில் எங்கள் மாவட்டத்தைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் அழுதிருக்கிறாள். ஏரி வாய் மணல் அடைத்து இறால் வரத்து குறைந்ததையும், கம்மலை அடகு வைத்ததையும்கூட மறைத்தேன். ஆக, இரண்டு பக்கமும் நடிப்பு.

இதன் பலன் ஜனவரியில் தெரிந்தது. ஒருநாள் தாங்க முடியாமல், "ராத்திரியில புள்ள கை காலெல்லாம் ஐஸா இருக்கும்மா" என்றாள். நான் பெரிய அனுபவசாலி போல யோசனை சொன்னேன். "புள்ள பெத்த வீட்ல நெருப்புச்சட்டி வைப்போமே, அந்த மாதிரி கரி நெருப்பு போட்டு வை. சூடா இருக்கும்."

அவளும் வைத்தாள். அங்கே அதை அங்கீட்டி என்கிறார்கள், கடையிலேயே விற்கிறது. ஆனால் குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கிலெல்லாம் பேப்பர் வைத்து ஒட்டியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்று போய் வரும். அங்கே ஒற்றை அறை, ஊசி நுழைய இடமில்லை.

நடு இரவில் குழந்தை வாந்தி எடுத்திருக்கிறான். இவளுக்குத் தலை பிளக்கிற வலி, எழுந்தால் கால் நிற்கவில்லை. மருமகனை உலுக்கியும் எழவில்லை. எப்படியோ தவழ்ந்து போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் நெருப்பைப் பார்த்ததும் புரிந்து கொண்டு, மூவரையும் வெளியே இழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். அந்தத் தாய்க்கு நான் தினமும் விளக்கேற்றும்போது நன்றி சொல்கிறேன்.

கரி முழுதாக எரியாமல் கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வருகிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக் கொள்கிறது. தூங்குகிறவர்கள் அப்படியே போய்விடுகிறார்கள். வடநாட்டில் குளிர்காலம் வந்தால் இப்படிக் குடும்பத்தோடு இறந்த செய்தி வருகிறது. புகை இல்லாமல் கனிந்த கரி நல்லது என்று நாம் நினைப்பதுதான் தப்பு. குளியலறையில் காற்றோட்டமில்லாமல் வைத்த கேஸ் கீசரும் இப்படித்தான். ஊட்டி, கொடைக்கானலுக்குப் போகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள். படுக்குமுன் நெருப்பை அறையை விட்டு வெளியே வைத்து விட வேண்டும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து, பிறகு டாக்டரிடம் போக வேண்டும்.

சொன்னவள் நான். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவள் வீடு எப்படி இருக்கிறது, எப்படிப் படுக்கிறார்கள் என்று ஒருநாளாவது விவரமாகப் பேசியிருந்தால் அந்த யோசனையை நான் சொல்லியிருப்பேனா? பாதி உண்மை தெரிந்து சொல்லும் யோசனை, ஒன்றும் சொல்லாததைவிட ஆபத்து.

"தூரத்தில் இருப்பவளிடம் கஷ்டத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?" என்று எங்கள் தெருப் பெண்களே கேட்டார்கள். "புகுந்த வீட்டு விஷயம் பிறந்த வீட்டுக்கு எதற்கு?" என்கிறவர்களும் உண்டு. மாமியார் நாத்தனார் கதை பேசச் சொல்லவில்லை நான். இன்றைக்கு என்ன சமைத்தாய், துணி காய்ந்ததா, எதில் குளிர் காய்கிறீர்கள், ஜன்னல் திறந்திருக்கிறதா என்று அன்றாட வாழ்க்கையைப் பேசச் சொல்கிறேன். மறைத்தாலும் கவலை போவதில்லை. தனித்தனியாகப் படுகிறோம், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வீட்டுப் பேச்சே வேறு. மாவுப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்தோடு ரஜாய்க்குள் சுற்றி வைக்கும் வித்தையை அவள் எனக்குச் சொல்கிறாள். பாடு பார்த்து வந்த பணம் எவ்வளவு என்பதை நான் அவளுக்குச் சொல்கிறேன். கம்மலை மீட்டதும் முதலில் அவளிடம்தான் சொன்னேன். பேரன் வீடியோவில் அவர்கள் தெருப் பனியைக் காட்டுகிறான். நான் ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் பூநாரைகளைக் காட்டுகிறேன். "பறவையெல்லாம் நம்மூருக்கு வருது, நீங்கதான் அங்க போய் உக்காந்திருக்கீங்க" என்று கிண்டல் செய்வேன்.

இன்றைக்கு உங்கள் மகளுக்குப் போன் செய்யும்போது, "நல்லா இருக்கியா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அவள் கேட்டால் நீங்களும் உண்மையைச் சொல்லுங்கள். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, கோட்டைக்குப்பம், பழவேற்காடு.