சமயப் பாடமும் தாய்த்தமிழும்

சிலமலை முதலாகச் சென்னை வரை, முழுதும் அரசுப் பணத்தால் நடக்கும் பள்ளி எதிலும் சமயம் கற்பித்தலாகாது. இது 1950 முதல் நடப்பிலுள்ள அரசியலமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. ஆகவே நம் இசுலாமியச் சிறார் பள்ளி நேரத்திற்குப் புறம்பே பள்ளிவாசலில் ஓதுகின்றனர்.

இலங்கையிலோ அரசுப் பள்ளிகளே அவரவர் சமயத்தைப் பாடமாக்கியுள்ளன. தமிழ்வழி பயிலும் முசுலிம் மாணவர் இசுலாத்தைத் தமிழ்ப் பாடநூலிலேயே கற்றுத் தேர்வெழுதுகின்றனர்.

அரசுப் பள்ளி எல்லார்க்கும் பொதுவாயிருத்தலே நன்று என்பது நம் கொள்கை. ஆயினும், இசுலாத்தைத் தமிழில் கற்பிக்கவியலும் என்பதற்கு இலங்கை சான்று; சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அதற்கும் மூத்த சான்று. எனவே, அரபு ஓதும் சிறார்க்குப் பொருளைத் தமிழில் விளக்குமாறு இசுலாமியப் பெரியோரை வேண்டுகின்றோம்.

கோயிலில் விளங்காத வடமொழியைப் பொறுத்துக்கொண்டு, பள்ளிவாசலை மட்டும் குறைகூறுதல் நடுவுநிலையன்று. தமிழர்களே, இரண்டிடத்தும் தமிழ் கேட்போம்!