அச்சிட்ட கட்டிக்கும் லாட் நம்பர் வேண்டும்

ரியாக்டிவ் சாயத்தில் ஏ.ஓ.பி. (ஆல் ஓவர் பிரிண்ட்) அடிக்கும் நம் பிரிண்டிங் கூடங்களில் டிரம் டிரம்மாகக் கரைத்து வைக்கும் கம், சோடியம் ஆல்ஜினேட். புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகங்கள் பல இன்று இதே ஆல்ஜினேட்டில் உயிருள்ள புற்றணுக்களைக் கலந்து, சில மில்லிமீட்டர் அளவுக் கட்டிகளாக அச்சிடுகின்றன. அந்தத் துறையின் இப்போதைய பெரிய சிக்கல் மருத்துவத்தைவிட நம் தொழிலுக்கு நெருக்கமானது என்பதால்தான் ஜவுளி வேதியியல் இதழில் இந்தத் தலையங்கம்.

போர் தண்ணீரில் கம் கரைத்தவர்களுக்குத் தெரியும்: கடினத்தன்மை கூடினால் பேஸ்ட் திப்பி திப்பியாகத் திரளும், ஸ்க்ரீன் அடைத்துக்கொள்ளும். நீரிலுள்ள கால்சியம் ஆல்ஜினேட் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதே காரணம். அதைத் தடுக்க ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் போடுகிறோம். உயிரச்சு (பயோபிரிண்டிங்) ஆய்வகத்தில் இதே வினையை வேண்டுமென்றே நடத்துகிறார்கள். அணுக்கள் கலந்த ஆல்ஜினேட்டை ஊசிமுனை வழியாக இழை இழையாகப் படியவிட்டு, கால்சியம் குளோரைடு கரைசலில் நனைக்கிறார்கள். சில நொடிகளில் இழை ஜெல்லாக உறைகிறது, அணுக்கள் உள்ளே உயிரோடு நிற்கின்றன. நமக்குக் கோளாறு, அவர்களுக்கு அதுவே ஃபிக்சேஷன். கருவியும் நமக்கு அந்நியமல்ல. 2003-இல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலண்டின் குழு அணுக்களை அச்சிடத் தொடங்கியது, மாற்றியமைத்த சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில்தான்.

இவ்வளவு பாடு எதற்கு? தட்டில் ஒற்றைப் படலமாக வளரும் புற்றணு எல்லாப் பக்கமும் மருந்தில் நனைகிறது. உடலுக்குள் இருக்கும் கட்டி அப்படியில்லை. அதன் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் சரியாகப் போய்ச் சேராது, மருந்தும் போய்ச் சேராது. தட்டிலும் எலியிலும் வேலை செய்து மனிதச் சோதனைக்கு வரும் புற்றுநோய் மருந்துகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தோற்றுப்போகின்றன. 2014-இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெலட்டின், ஆல்ஜினேட், ஃபைப்ரினோஜன் கலவையில் ஹீலா என்ற புற்றணுக்களை அச்சிட்டார்கள். தட்டில் வளர்ந்த அணுக்களைவிட அச்சிட்டவை பேக்லிடாக்சல் மருந்தைக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன. 2021-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ரோனித் சாட்சி-ஃபைனாரோவின் குழு இரத்தக்குழாயோடு மூளைக்கட்டியை அச்சிட்டுக் காட்டியது.

சட்டமும் வழிவிட்டிருக்கிறது. விலங்குச் சோதனைக்கு மாற்றாக ஏற்கக்கூடிய முறைகளில் உயிரச்சையும் பெயர் சொல்லிச் சேர்த்து அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டம் இயற்றியது. இந்தியா 2023 மார்ச்சில் தன் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, மனித அணுக்களைக் கொண்டு செய்யும் சோதனைகளுக்கு இடம் தந்தது.

தடை இருப்பது லாட்டில். ஆல்ஜினேட்டின் ஜெல் எவ்வளவு இறுகும் என்பது குலுரோனிக், மானுரோனிக் அமிலங்களின் விகிதத்தைப் பொறுத்தது. அந்த விகிதம், ஆல்ஜினேட் எடுக்கும் கடற்பாசியின் இனத்துக்கு இனம், பருவத்துக்குப் பருவம் மாறும். மண்டபம் கரையில் எடுக்கும் சர்காசமும் டர்பினேரியாவும் ஒரே கம்மைத் தருவதில்லை. ஜெல்லின் இறுக்கம் மாறினால் அணுவின் நடத்தை மாறுகிறது, மருந்துக்கு அது தரும் பதிலும் மாறுகிறது. அணுக்களை வளர்க்கப் பரவலாகப் பயன்படும் மேட்ரிஜெல் என்ற ஜெல்லின் நிலையும் இதுதான். அது எலியின் கட்டியிலிருந்து எடுப்பது, லாட்டுக்கு லாட் வேறுபடுவது. ஊசிமுனையின் விட்டம், அழுத்தம், வெப்பநிலை இவற்றில் எது பிசகினாலும் அணுக்கள் சாகக்கூடும். ஓர் ஆய்வகத்தின் கட்டியை இன்னோர் ஆய்வகம் அப்படியே அச்சிட முடியாதவரை, அதன் முடிவை நம்பி எந்த மருந்தையும் நோயாளியிடம் கொண்டுபோக முடியாது.

இந்தப் பாடத்தை நாம் ஏற்கெனவே படித்தவர்கள். ஜெர்மனி 1994-இல் புற்றுண்டாக்கும் அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களைத் தடை செய்தபோது திருப்பூர் கலங்கியது. பின்னர் ஐரோப்பாவில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற எல்லை வந்தது. எல்லையை எழுதினால் மட்டும் போதவில்லை. சிட்ரேட் பஃபர், 70 டிகிரி, ஹைட்ரோஸ் சேர்த்து 30 நிமிடம் எனச் சோதனை முறையையே வரி வரியாக எழுதிவைத்தார்கள். அதனால்தான் நம் ஊர் லேப் தரும் ரிப்போர்ட்டை ஹாம்பர்க் பையர் ஏற்கிறார். 2020-இல் கவச உடைகளைச் சோதித்த கோவை ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ரா, தேறிய ஒவ்வொரு மாதிரிக்கும் தனிக் குறியீட்டு எண் கொடுத்ததையும் இங்கே நினைக்க வேண்டும். உயிரச்சுக்குத் தேவைப்படுவது இந்த ஒழுங்குதான்.

இதில் நமக்கு ஒரு கடனும் இருக்கிறது. 1895-இல் லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், ஃபுக்சின் சாய ஆலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றைக் கண்டு பதிவு செய்தார். சாயத் தொழில் மருத்துவ வரலாற்றில் ஏறிய விதம் அது. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு நம்பகமான சோதனைக் கட்டி உருவாக நம் அனுபவம் உதவுமானால், அதைக் கொடுக்கத் தயங்கக் கூடாது.

மிகைப்படுத்தவும் வேண்டாம். டிரம்மில் உள்ள ஜவுளித் தர கம்மை அப்படியே அணுக்களோடு கலக்க முடியாது. பாலிஃபீனால், புரதம், எண்டோடாக்சின் எல்லாம் நீக்கிய மருத்துவத் தரம் வேண்டும். அச்சிட்ட கட்டிக்கு உடலின் முழு நோயெதிர்ப்பு மண்டலமும் கிடையாது, அதனால் அது நோயாளியிடம் செய்யும் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் மன்னார் வளைகுடாப் பாசியிலிருந்து மருத்துவத் தர ஆல்ஜினேட் எடுப்பதும், அதன் விஸ்காசிட்டிக்கும் ஜெல் இறுக்கத்துக்கும் பொது அளவீடு வகுப்பதும் இந்த வட்டாரத்தின் கைக்கு எட்டிய வேலைகள். மருத்துவ ஜவுளிக்கென உயராய்வு மையம் வைத்திருக்கும் சிட்ரா, ஒரே லாட் ஆல்ஜினேட்டைப் பல உயிரச்சு ஆய்வகங்களுக்கு அனுப்பி முடிவுகளை ஒப்பிடும் பணியை முன்னின்று தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பிரிண்டிங் மாஸ்டர்களே, உங்கள் கம் லாட்கள் எப்போது, எப்படி மாறின என்ற பதிவேடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.