மெல்லிய குரலின் வல்லமை

உரக்கக் கூவினால்தான் தூரத்திலிருப்பவர் செவியில் விழும் என்பது உலக வழக்கு; ஆனால் ஒரு சிறிய டார்ச் பல்புக்கும் போதாத, வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியைக் கொண்டு சமுத்திரங்களைக் கடந்து சமிக்ஞை அனுப்பும் அமெச்சூர் வானொலி அன்பர்கள் அவ்வழக்கை நாள்தோறும் பொய்யாக்கி வருகிறார்கள்.

இரட்டைப் பல்சாரைக் கண்டறிந்தமைக்காக 1993-ல் பௌதிக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும், தாமே ஓர் அமெச்சூர் வானொலி அன்பருமான ஜோசப் டெய்லர், 2008-ல் ‘விஸ்பர்’ என்னும் முறையை உலகுக்கு அளித்தார். நிலையத்தின் அழைப்புக் குறி, இருப்பிடம், சக்தியின் அளவு ஆகிய மூன்றை மட்டும் தாங்கிய செய்தியை, ஏறத்தாழ 6 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் ஒடுக்கி, நான்கு தொனிகளால் சுமார் 110 விநாடிகள் நிதானமாக அனுப்புவதாலும், பிழை திருத்தும் கணிதத்தின் துணையாலும், மனிதச் செவிக்கு வெறும் இரைச்சலே கேட்கும் இடத்திலும் கணிப்பொறி அதனை இனங்கண்டுகொள்கிறது.

சம்பாஷணைக்கே இடமில்லாத இதில் என்ன ரசம் என்று சிலர் வினவலாம். சூரியனின் உதயாஸ்தமனங்களுக்கும் அதன் சீற்றங்களுக்கும் இசைந்து, இச்சமிக்ஞைகளைத் தொலைவுக்குத் திருப்பியனுப்பும் அயனி மண்டலம் மாறும் விந்தையை, கூரைமேல் கட்டிய ஒரு கம்பியைக் கொண்டு மாணவன் தானே அளந்தறியும் ஆனந்தத்துக்கு நிகரான பாடம் எந்தப் புத்தகத்தில் உண்டு?

நம் நாட்டில் 12 வயது நிரம்பியவர்கள் பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாமாதலால், பள்ளிகளும் கல்லூரிகளும் இப்பரிசோதனைக்கு இடமளிப்பது அவசியம். பலத்தைப் பெருக்குவதைவிடப் பொறுமையையும் புத்தியையும் பெருக்குவதே மேலான விஞ்ஞானம் என்பதை, இளம் உள்ளங்கள் அனுபவத்தால் உணரட்டும்.