சும்மா இருந்த ஒரு நாள்

நம்மவர்களின் கோடை விடுமுறைக்கு ஓர் இலக்கணம் உண்டு. பதினான்கு நாட்களுக்குள் மூன்று நாடுகள், எட்டு வீடுகள், ஒரு பூப்புனித நீராட்டு விழா, ஒரு கோவில் தேர். எந்த வீட்டிலும் ஓரிரவுக்குமேல் தங்குவதில்லை. தங்கினால் அடுத்த வீட்டார் குறை சொல்வர். திரும்பி வந்ததும் களைப்பாற இன்னொரு விடுமுறை தேவைப்படும். நானும் நெடுங்காலம் அவ்வாறே விடுமுறை கழித்தவன். சென்ற ஓகஸ்ட் மாதத்தில், சுவிற்சர்லாந்தில், திட்டம் எதுவுமின்றி ஒரு நாள் வாய்த்தது. அதனைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன்.

மனைவி, பேரப்பிள்ளைகள் இருவர், நான் என நால்வராகப் பாரிசிலிருந்து பாசல், பேர்ண் வழியாக இன்ரர்லாக்கன் சென்றோம். தூன், பிறியன்ஸ் என்னும் இரு ஏரிகளுக்கு நடுவே இருப்பதால் அவ்வூருக்கு அப்பெயர். நண்பரின் வீடு பிறியன்ஸ் ஏரிக்கரையில் இருக்கிறது. 1984 இல் கிழக்கு பேர்லினில் ஒரே விமானத்தில் வந்திறங்கி, ஒன்றாகவே மேற்கு பேர்லினுக்குள் நுழைந்தவர்கள் நாங்கள். பின்னர் அவர் சுவிசுக்கும் நான் பிரான்சுக்குமாகப் பிரிந்தோம். பயணப் பத்திரம் கிடைக்கும்வரை எல்லை கடக்க இயலவில்லை. கிடைத்தபின் சந்தித்ததெல்லாம் திருமண மண்டபங்களில், சாப்பாட்டு வரிசையில் நின்றபடிதான்.

பிள்ளைகள் பனி காண விரும்பியதால் யுங்பிறவ்யொக் மலைக்குச் சென்றோம். அங்குள்ள தொடருந்து நிலையம் 3,454 மீற்றர் உயரத்தில் உள்ளது. 1896 இல் தொடங்கிய பாதை வேலை 1912 இல் நிறைவுற்றது. ஏழு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் மலையைக் குடைந்த சுரங்கம். குடைந்தவர்களிற் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர். விபத்துகளில் மாண்டோரும் பலர். அவ்வூர் விடுதிச் சமையலறைகளில் உழைத்தே ஓய்வு பெற்ற நண்பர், சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்தபோது, "எல்லாரும் மலையைத்தான் பாக்கினம், குடைஞ்சவனை ஆர் நினைக்கினம்?" என்றார்.

உச்சியில் பிள்ளைகள் பனியிற் புரண்டனர். எனக்கோ பத்துப் படி ஏறியதும் தலை சுற்றியது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. இதய நோயுள்ள முதியோரை அழைத்துச் செல்ல எண்ணும் வாசகர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டறிவது நன்று.

மறுநாளே எங்கள் பயணத்தின் கடைசி நாள். இன்னொரு மலைக்குச் செல்வதாகத் திட்டம். காலையில் என் முழங்கால் மடங்க மறுத்தது. நண்பர் பார்த்துச் சிரித்தார். "மச்சான், இண்டைக்கு ஒரு இடமும் போறேல்லை. சும்மா இருப்பம்."

ஏரிக்கரை மரநிழலில் பாய் விரித்து இருந்தோம். பிள்ளைகள் நீரிற் கல்லெறிந்து விளையாடினர். அவ்வேரியின் நிறம் பாலிற் கரைத்த நீலம். பனிப்பாறைகள் மலையை அரைத்து மாவாக்குகின்றன. அம்மாவை ஆறுகள் ஏரியிற் கொண்டுவந்து சேர்க்கின்றன. எளிதில் அடியிற் படியாத அந்நுண்துகள்களில் ஒளி சிதறுவதாலேயே அந்நிறம் என்று நண்பர் பேரனுக்கு விளக்கினார்.

மதியம் நண்பரின் மனைவி ஒடியற் கூழ் காய்ச்சினார். மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய், இறால், நண்டு எல்லாம் இட்ட கூழ். பிளாவுக்குப் பதிலாகக் கிண்ணங்கள். ஊரில் எங்கள் இருவருக்கும் கூழ் வார்த்துத் தந்தவர் நண்பரின் தாயார். அவர் நினைவு வராமல் அக்கூழைக் குடிக்க முடியுமா?

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமம் மக்கள் நாவற்குழிப் பாதையால் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அத்தாயாரும் நடந்தார். சில நாட்களில், கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், அவர் காலமானார். செய்தி நண்பருக்கு மூன்று வாரங்கள் கழித்தே எட்டியது. அன்றிரவு அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு நள்ளிரவில் வந்திருந்த நான், என்ன ஏது என்று கேளாமல், "நாளைக்கு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். நாளை ஒரு வாரமாயிற்று. வேறொருவர் வாயிலாக அறிந்தபின் எடுத்து, வழக்கமான அனுதாபச் சொற்களைச் சொன்னேன். அதன்பின் அதுபற்றி இருவரும் பேசியதே இல்லை.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நண்பர் சொன்னார்: "நீ வைச்சாப்பிறகு விடியுமட்டும் நான் தொலைபேசிக்குப் பக்கத்திலை இருந்தனான்."

குரலிற் கோபம் இல்லை. ஏரியின் நிறத்தை விளக்கிய அதே குரல். காரணங்கள் பல என் வாய்வரை வந்தன. "பிழை என்ரைதான்" என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. அவர் நெடுநேரம் நீரைப் பார்த்திருந்தார். பின்னர் தாயாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வெயில் மலைக்கு அப்பால் இறங்கும்வரை பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். 1995 இல் செய்திருக்க வேண்டியது அவ்வளவே.

அன்றிரவு நான் உறங்கியதுபோல் உறங்கிப் பல ஆண்டுகள்.

வாசகர்களே, மலைகளைப் பாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் அடுத்த கோடைக்குப் பட்டியல் போடும்போது கடைசி நாளில் ஒன்றும் எழுதாதீர்கள். அந்நாளை ஒரு நண்பரின் வீட்டில் வையுங்கள். நம் ஒவ்வொருவரிடமும் திருமண மண்டபத்திற் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு நேரமும், கேட்பதற்கு ஒருவரும் வேண்டும்.