ஜான் க்ளீஸின் 84 மாச இஎம்ஐ

மாசம் 50,000 பவுண்ட். மொத்தம் 84 மாசம். இது வீட்டுக் கடனும் இல்லை, கார் லோனும் இல்லை. ஜீவனாம்சம். கட்ட ஆரம்பிக்கும்போது அந்த மனிதருக்கு வயசு கிட்டத்தட்ட 70.

பேரு ஜான் க்ளீஸ். 'மான்டி பைத்தான்' காமெடி குழுவில் ஒருத்தர். அதெல்லாம் பார்த்ததில்லையா? ஹாரி பாட்டர் முதல் ரெண்டு படத்தில், தலை பாதி அறுந்து தொங்கும் பேயா வருவாரே, அவர்தான்.

சம்பாத்தியத்துக்குக் குறைவே இல்லை. 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தம் 12 எபிசோடுதான், ஆனா இன்னிக்கும் பேசப்படுது. 1988-ல் வந்த 'எ ஃபிஷ் கால்டு வாண்டா' பெரிய ஹிட். அதுக்கும் மேல, ஆபீஸ் ட்ரெய்னிங் படங்கள் எடுக்கிற 'வீடியோ ஆர்ட்ஸ்' கம்பெனியை 1972-ல் நண்பர்களோட சேர்ந்து தொடங்கி, 1989-ல் வித்தாங்க. நடிப்பு, எழுத்து, பிசினஸ்னு மூணு பக்கமும் வருமானம்.

2008-ல் மூணாவது மனைவியைப் பிரிஞ்சார். அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவில் விவாகரத்து முடிவாச்சு. அப்போ செய்திகளில் வந்த கணக்கு இது: பணமாகவும் சொத்தாகவும் சுமார் 80 லட்சம் பவுண்ட். அதுபோக வருஷத்துக்கு 6 லட்சம் பவுண்ட், ஏழு வருஷத்துக்கு. கூட்டினா சுமார் 1.2 கோடி பவுண்ட். 2011-ல் அவர் பிரிட்டனில் ஊர் ஊரா ஷோ பண்ணார். அந்த டூருக்கு அவரே வெச்ச பேரு 'அலிமனி டூர்', அதாவது ஜீவனாம்ச சுற்றுப்பயணம்!

இந்தக் கதையைக் கேட்டதும் நம்ம பசங்க முதல்ல சொல்றது, "பொண்டாட்டி மொத்தத்தையும் உருவிட்டாங்க." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கலிஃபோர்னியா சட்டத்தில், கல்யாண வாழ்க்கையில் சம்பாதிச்ச சொத்து பொதுவா ரெண்டு பேருக்கும் சமம். பத்து வருஷத்துக்கு மேல நீடிச்ச கல்யாணத்தை 'நீண்டகாலத் திருமணம்'னு எடுத்துக்கிட்டு, ஆதரவுத் தொகை விஷயத்தில் கோர்ட் இன்னும் தாராளமா முடிவெடுக்கலாம். க்ளீஸோட கல்யாணம் 16 வருஷம். சட்டம் திடீர்னு வந்து அவரை அடிக்கலை. முன்னாடியே அங்கதான் இருந்தது.

இன்னொண்ணு. 'ஃபால்டி டவர்ஸ்' அவர் தனியா எழுதினது இல்லை. முதல் மனைவி கானி பூத் கூட சேர்ந்து எழுதினது. 1978-ல் விவாகரத்து, 1979-ல் ரெண்டாவது சீரிஸ் ஒளிபரப்பு. ஒருத்தர் 'நான் சம்பாதிச்சேன்'னு சொல்ற காசில் வீட்டில் இருக்கிற இன்னொருத்தர் உழைப்பு எவ்வளவு கலந்திருக்குன்னு பிரிச்சுப் பார்க்கிறது சுலபம் இல்லை.

அப்போ அவரை நெருக்கியது எது? என் பார்வையில், அந்த 80 லட்சத்தை விட மாசம் 50,000 பவுண்ட்தான் ஆபத்தானது. சொத்தைப் பிரிச்சுக் கொடுத்தா மனசு வலிக்கும், ஆனா கணக்கு அன்னிக்கே முடிஞ்சிடும். மாசாமாசம் கட்ட வேண்டியது அப்படி இல்லை. இனிமேல் வரப்போற வருமானத்தின் மேல விழுற பிடிப்பு அது. காமெடியனுக்கு சம்பளத் தேதி கிடையாது. ஷோ இருந்தா காசு. ராயல்டியையும் நம்ப முடியாது. 2013-ல் 'ஸ்பாமலாட்' நாடக ராயல்டி வழக்கில் மான்டி பைத்தான் குழுவே தோத்து, பெரிய தொகை கட்ட வேண்டி வந்தது. 2014 ஜூலையில் லண்டன் ஓ2 அரங்கில் பத்து ஷோவுக்காக அவங்க மறுபடி ஒண்ணு சேர்ந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். அப்போ க்ளீஸுக்கு 74 வயசு.

இதில் உங்களுக்கு என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? நம்ம ஊர்ல கார் லோனுக்கு பெரும்பாலும் கிடைக்கிற அதிகபட்ச காலமும் அதே 84 மாசம்தான். 27 வயசில் ஒரு கையெழுத்துப் போட்டு அதே மாதிரி பிடிப்பை நாமளே ஏத்துக்கறோம். அதுக்கு மேல வீட்டுக் கடன், போன் இஎம்ஐ, கிரெடிட் கார்டு.

கையில் 1 லட்சம் வாங்குற ரெண்டு பேரை எடுத்துக்கோங்க. ஒருத்தருக்கு 22,000 வாடகை, இஎம்ஐ எதுவும் இல்லை. இன்னொருத்தருக்கு இஎம்ஐ மட்டும் 58,000. வேலை போனா முதல் ஆள் சின்ன வீட்டுக்கு மாறலாம். ரெண்டாவது ஆள் பேங்க்கிட்ட "இந்த மாசம் கொஞ்சம் குறைச்சுக்கறேன்"னு சொல்ல முடியுமா? சம்பளம் ஒண்ணுதான், ஆனா நிலைமை வேற வேற.

விவாகரத்து வந்தா இது இன்னும் இறுகும். இந்தியாவில் பாதிக்குப் பாதி சட்டம் பொதுவா இல்லை. வருமானம், சொத்து, வாழ்ந்த தரம், கல்யாணம் நீடிச்ச காலம்னு பார்த்து கோர்ட் தொகையை முடிவு பண்ணும். "எனக்கு இவ்வளவு இஎம்ஐ இருக்கு"ன்னு காட்டினா, நீங்களா விரும்பி எடுத்த கடனுக்காக ஜீவனாம்சத்தைக் குறைக்க நீதிமன்றங்கள் பொதுவா ஒத்துக்கறதில்லை. ரெண்டு பேர் பேர்லயும் வாங்கின வீட்டுக் கடனும் விவாகரத்தால் பிரியாது. பேங்க்குக்கு ரெண்டு பேருமே கடன்காரங்கதான்.

"அப்போ சொத்தை அம்மா பேருக்கு மாத்திடலாமா சார்?"னு என்கிட்ட கேக்கிறவங்க நிறைய. வேண்டாம். 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் ரெண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா கொடுக்கணும்னு சொல்லிடுச்சு. அதில் பொய் சொன்னா மாட்டிக்கப் போறது நீங்கதான்.

அதுக்குப் பதிலா இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. 'சம்பளமே வராட்டியும் நான் கட்டியே ஆக வேண்டிய தொகை மாசம் எவ்வளவு?' இந்த ஒரு எண்ணை எழுதுங்க. அது கையில் வாங்குற சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தாண்டினா, அது குறையுற வரைக்கும் புது இஎம்ஐ எதுவும் வேண்டாம். அந்தத் தொகையைப் போல ஆறு மடங்கு, உடனே எடுக்கிற மாதிரி எஃப்டியிலோ லிக்விட் ஃபண்டிலோ இருக்கட்டும். கல்யாணம் ஆனவங்களா இருந்தா, அந்தப் பேப்பரை உங்க துணைகிட்ட காட்டுங்க. அவங்களோட எண்ணையும் கேளுங்க. சண்டை இல்லாத நாளில் இதைப் பேசுறது ரொம்ப ஈஸி.

க்ளீஸ் 70 வயசுக்கு மேலயும் மேடை ஏறினார், டிக்கெட் வித்துது. நமக்கு அந்த வயசில் டிக்கெட் வாங்க ஆள் வராது பாஸ். அதனால கணக்கை இப்பவே போட்டுடுங்க.