கல்லுக்கும் ஊர் உண்டு

பெங்களூரில் லவெல் சாலையைத் தெரியாதவர் இல்லை. 1870களில் மைசூர் அரசிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கோலாரில் தங்கம் தேடிய மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரரின் பெயர் அது. அந்தத் தங்கம் எந்தப் பாறையில் இருக்கும், எதில் இருக்காது என்று தென்னிந்தியா முழுக்க அலைந்து எழுதிவைத்த ஒருவர் உண்டு. அவர் பெயரைச் சொன்னால் இதே ஊரில் “யார் அவர்?” என்கிறார்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

1834இல் இங்கிலாந்தில், செல்டன்ஹாமில் பிறந்தவர். கம்பெனி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்த 1858ஆம் ஆண்டின் கடைசியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1891 வரை அங்கேதான் வேலை. நிலக்கரி எங்கே, இரும்பு எங்கே, தங்கம் எங்கே என்று கண்டுசொல்வதற்குத்தான் அரசு சம்பளம் கொடுத்தது. அதையும் அவர் ஒழுங்காகவே செய்தார்.

லால்பாக்கில் கெம்பேகௌடர் கோபுரம் நிற்கிற பாறையில் பலரும் ஏறியிருப்பீர்கள். அடுத்த முறை குனிந்து பாருங்கள். வெள்ளையும் சாம்பலும் கருப்புமாக வரிகள் நெளிந்து நெளிந்து ஓடும். ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழமையுள்ள நைஸ் பாறை அது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். இங்கிருந்து கோலார் தங்கவயல் போனால் காலடிப் பாறை வேறாகிவிடும். கருமையேறிய, தகடு தகடாகப் பிளக்கிற பாறை. அதற்குள் வெண்படிகக் கல் நரம்பு நரம்பாக ஓடும். தங்கம் அந்த நரம்பில்தான். இந்தக் கரும்பாறைப் பட்டைகளை நைஸிலிருந்து பிரித்து, 1880களில் ‘தார்வார்’ என்று பெயரிட்டுத் தனித் தொகுதியாக்கியவர் ஃபூட். தென்னிந்தியாவில் தங்கம் தேடுகிறவர்கள் இன்றும் முதலில் பார்ப்பது தார்வார் பட்டை எங்கே ஓடுகிறது என்பதைத்தான். 1894இல் மைசூர் அரசு தனக்கென ஒரு புவியியல் துறையைத் தொடங்கியபோது, அறுபதை எட்டிக்கொண்டிருந்த அவரைத்தான் தலைவராக அழைத்தது.

இதில் நாம் மறக்கக் கூடாத பக்கமும் இருக்கிறது. கோலார் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்குள் போய் வேலை செய்தார்கள். லாபம் லண்டனுக்குப் போனது. கல்தூசி அவர்கள் நுரையீரலில் தங்கியது. 2001இல் சுரங்கத்தை மூடியபோது அந்தக் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. காலனிய ஆட்சியின் புவியியலாளரைப் புகழ்கிறபோது இதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் ஃபூட்டை நான் மதிப்பது தங்கத்துக்காக அல்ல. யாரும் காசு கொடுத்து வாங்காத ஒரு கல்லுக்காக. 1863 மே 30. சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், ராணுவ மைதானத்தை ஒட்டிச் சரளை எடுக்கத் தோண்டிய குழி. அங்கே கிடந்த குவார்ட்சைட் கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. வாதுமைக் கொட்டை போல ஒரு முனை கூர்ந்து, இரு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்தெடுத்த கல். ஆற்று நீர் உருட்டிய கல்லில் இப்படி ஓர் ஒழுங்கு வராது. ஒரு கை வேண்டும். பிரான்சில் கிடைத்த இதே மாதிரிக் கற்களை ஆதிமனிதன் செய்த கருவிகள் என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தியைக் கருத்தோடு படித்திருந்தவர் என்பதால் கையில் எடுத்ததுமே பிடிபட்டுவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சக புவியியலாளர் வில்லியம் கிங்குடன் கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டெடுத்தார்.

பிறகு ஓய்வே இல்லை. பாறையை வரைபடமாக்கப் போன இடமெல்லாம் கல்லாயுதம், மண்பாண்டம் என்று தேடினார். 400க்கும் மேற்பட்ட இடங்கள். எதை எங்கே எடுத்தார், எந்த மண்ணடுக்கில் கிடந்தது, பக்கத்தில் என்ன பாறை என்று குறித்துவைத்தார். இதைத்தான் அவருடைய பெரிய சாதனை என்பேன். எடுத்த இடம் தெரியாவிட்டால் எத்தனை அழகான கருவியும் அலமாரியில் வைக்கிற வெறும் கல்தான். ஊர் தெரிந்தால் அது சாட்சி.

பெல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஹம்பிக்கு அருகே உள்ள ஒரு மேட்டை வாலியைத் தகனம் செய்த சாம்பல் என்று இன்றும் சொல்கிறார்கள். எரிமலைச் சாம்பல், உலோகம் உருக்கிய கசடு என்றெல்லாம் படித்தவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். புதிய கற்கால மக்கள் மாடு கட்டிய இடத்தில் சேர்ந்த சாணம் எரிந்த சாம்பல் என்றார் ஃபூட். அவர் இறந்து பல காலம் கழித்து, 1950களில், தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்ச்சின் தெலங்கானாவின் உட்னூரில் அப்படி ஒரு மேட்டைத் தோண்டினார். உள்ளே மாட்டுக் குளம்பின் தடங்களே பதிந்திருந்தன.

தமிழோடும் இவருக்கு உறவு உண்டு. இவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். மாமனார் சொல் சேர்த்தார், மருமகன் கல் சேர்த்தார். இருவருமே கடைசிக் காலத்தில் ஏற்காட்டுக்கு வந்து தங்கினார்கள். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஃபூட் இறந்தார்.

தன் சேகரிப்பை அவர் கப்பலேற்றவில்லை. 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. இடங்களைக் குறித்துவைத்ததன் பலனும் கிடைத்தது: தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அத்திரம்பாக்கத்தில் மறுபடி அகழாய்வு செய்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் 15 லட்சம் ஆண்டு வரை முந்தியவை என்று 2011இல் உலகுக்குச் சொன்னது.

பெங்களூர்ப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். மலர்க் கண்காட்சிக்குப் பிள்ளைகளை லால்பாக்குக்குக் கூட்டிப்போகும்போது பாறைக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த வரிகளை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சென்னைக்குச் சுற்றுலா போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட் சேகரித்த கற்களைக் காட்டுங்கள். பக்கத்தில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள்.